கை இறங்கிய இடம்

"இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு ஆகாது." அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் மருந்துக் கடையை ஒட்டி இருந்தது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. நான் வட்டமான ஒரு ஃபிரேமைப் போட்டுக்கொண்டு அங்கிருந்த நிலைக்கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். கடையிலேயே விலை அதிகமான ஃபிரேம் அது. வேறு யாராக இருந்தாலும் "சூப்பரா இருக்கு சார்" என்று பில் போட்டிருப்பார்கள். இவர் அதை என் மூக்கிலிருந்து கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

கடைக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மேற்கத்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. நான் எஞ்சினியரிங் படிக்கிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு நான்கு வருடமும் ஜெர்மன் இசையமைப்பாளர்களின் வாழ்க்கையைப் படித்தவன். யார் எந்த ஊரில் எந்தக் கடனோடு செத்தார் என்பதுவரை தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மட்டும் தெரியாது.

"பாக்தானே சார்?" என்றேன்.

"ஹேண்டல்."

"ரெண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவங்க சார், அதான் கொஞ்சம்..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்." அளவெடுக்க என் நெற்றியை விரலால் நிமிர்த்தினார். "ரெண்டு பேருக்கும் கடைசில கண்ணு போச்சு, அது தெரியுமா? ரெண்டு பேர் கண்ணுலயும் கத்தி வெச்சது ஒரே ஆளு. ஊர் ஊரா வண்டி கட்டிக்கிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணினவன். அவன் கை பட்டப்புறம் பாக் சில மாசம்தான் இருந்தாரு. சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலுக்கு வாங்க. உங்களுக்கு என்ன குரல்னு பார்க்கலாம்."

கோயில் என்றது சாந்தோம் பக்கம் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு சின்ன மாதா கோயிலை. அதன் பின்னாலிருந்த தகரக் கூரை ஹாலில் இருபது பேரை வைத்துக்கொண்டு அவர் ஒரு பாடகர் குழு நடத்தினார். குழுவில் சேர மதம் தேவையில்லை, சுருதி போதும். மந்தைவெளியிலிருந்து பாலு மாமா வருவார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் சந்தனம், அடித்தொண்டையில் நல்ல கனமான குரல். அடையாறிலிருந்து நிவி ஸ்கூட்டரில் வருவாள், கீபோர்டு வாசிப்பவள் அவள்தான். நொச்சிக்குப்பத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா. விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, வெயில் ஏறும் வரை ரோட்டோரம் விற்றுவிட்டு, ஞாயிறு சாயங்காலம் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஜெர்மன் வரிகளை எங்களுக்குத் தமிழ் எழுத்தில்தான் எழுதிக் கொடுத்தார். தமிழில் இல்லாத ஒலிகளுக்கு எழுத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. என்னைப் போன்ற ஆங்கிலப் பள்ளிக்கூடத்து ஆட்கள் அந்த வரிகளை வாயில் போட்டு நசுக்கினோம். ஸ்டெல்லா அக்கா மட்டும் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். "இங்கிலீஷ் தெரிஞ்சதுதான் உங்களுக்கெல்லாம் கோளாறு" என்பார் எழுதிக் கொடுத்தவர்.

ஒவ்வொரு வாரமும் ஒத்திகை முடிவில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவராக முன்னால் வந்து இரண்டு வரி தனியாகப் பாட வேண்டும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பாடி முடித்ததும், கண்ணைத் திறக்காமலே தீர்ப்பு வரும்.

"பாலு சார், ரெண்டாவது வரி உங்களுக்கு வரலை. அந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. வாயசைக்காதீங்க. நடிக்கிறது எனக்கு ஆகாது."

"நாப்பது வருஷமா கச்சேரி கேட்டிண்டிருக்கேன் ஓய் நான். எனக்கே வரலையா?"

"கேட்டீங்க. பாடலையே."

பாலு மாமா இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், அந்த வரியைச் சரியாகப் பாடினார். பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. "அடுத்தது யாரு?" அவ்வளவுதான்.

ஸ்டெல்லா அக்காவுக்கு நீளமான வரிகளின் கடைசியில் சுருதி இறங்கும். வாராவாரம் அதைச் சொல்வார்.

"ஸ்டெல்லா, கடைசில இறங்குறீங்க."

"இன்னா சார், காத்தால நாலு மணிலேர்ந்து கத்திக்கினு கீறேன். இறங்காம இன்னா பண்ணும்?"

"கத்துறது மீனுக்கு. இது வேற. மறுபடி பாடுங்க."

அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி பாடுவார். எனக்குத்தான் கோபம் வரும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் ஒருவரை இப்படியா நடத்துவது என்று ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன். "உனக்குப் புரியாது தம்பி" என்றார். "வூட்லயும் சரி, மீன் வாங்க வர்றவங்களும் சரி, எவுங்க இன்னா சொன்னாலும் உள்ள ஒரு கணக்கு இருக்கும். இந்த மனுசன் நல்லா கீதுன்னு சொன்னா, நல்லா கீதுன்னுதான் அர்த்தம்."

"எப்பச் சொன்னாரு?"

"சொல்லுவாரு."

இசையமைப்பாளர்களின் கதைகளையும் அவர் இதே மாதிரிதான் சொன்னார். நான் என்றால் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொல்வேன். அவர் கண் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது போலப் படிப்பார். "பாக் எசமானோட வெளியூர் போயிருந்தார். போகும்போது பொண்டாட்டி நல்லா இருந்தா. திரும்பி வந்து வீட்டுக்குள்ள நுழையும்போதுதான் செய்தி தெரிஞ்சுது. அடக்கமே முடிஞ்சுபோச்சு. மொத்தம் இருபது பிள்ளைங்க, அதுல பாதி வளரலை. இப்ப மூணாம் பக்கம் எடுங்க." நாங்கள் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பாடினால், ஏனோ யாருக்கும் குரல் எடுபடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அவருக்குக் கோபம் வந்து பார்த்தது இரண்டே கதைகளில்தான். ஒன்று ஷூமானுடையது. புத்தி பேதலித்து ஆற்றில் குதித்து, மீட்கப்பட்டு, விடுதியில் அடைக்கப்பட்ட மனிதர். இரண்டு வருடத்துக்கு மேல் மனைவியைப் பார்க்க விடவில்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்பு விட்டார்கள். "தாங்காது, தாங்காதுன்னு சுத்தியிருக்கறவங்களே முடிவு பண்ணிட்டாங்க. தாங்குமா இல்லையான்னு அவங்க ரெண்டு பேரையும் யாராவது கேட்டாங்களா?"

இன்னொன்று பீத்தோவனின் கடைசி சிம்பொனி முதன்முதலாக வியன்னாவில் அரங்கேறிய கதை. எல்லோருக்கும் பிடித்த கதை அது. காது முற்றிலும் கேட்காத பீத்தோவன் மேடையில் நின்று தாளம் காட்டுகிறார். ஆனால் வாத்தியக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் முன்பே ரகசியமாகச் சொல்லியாகிவிட்டது: அவரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் இன்னொருவரைப் பாருங்கள் என்று. முடிந்ததும் கைதட்டல் கேட்காமல் அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒரு பாடகி வந்து அவரைத் திருப்பிவிடுகிறாள். நான் இந்தக் கதையை ஒருநாள் ஒத்திகையில் சொல்லி, கடைசியில் குரல் தழுதழுக்க முடித்தேன். நிவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மட்டும், "இதுல அழ என்ன இருக்கு?" என்றார். "அத்தனை பேர் சேர்ந்து ஒரு ஆளை ஏமாத்தியிருக்காங்க. கைத்தட்டலைக் காட்டத் திருப்பினாளே, அதுக்கு முன்னாடியே ஒருத்தர் திருப்பி, அய்யா நாங்க உங்களைப் பார்க்கலைன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அந்த ஆளு கத்தியிருப்பாரு, நாற்காலியை உடைச்சிருப்பாரு. உடைக்கட்டுமே."

அந்த வருடம் தவக்காலம் தொடங்கியபோது, பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்காக பாக்கின் நான்கு குரல் சிலுவைப் பாட்டு ஒன்றை எடுத்திருந்தோம். முதல் ஒத்திகையின் முடிவில் ஸ்டெல்லா அக்கா தனியாகப் பாடி முடித்ததும் அவர் கண்ணைத் திறந்து, "நல்லா இருக்கு, ஸ்டெல்லா" என்றார்.

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அன்று எல்லோருக்கும் அக்கா கணக்கில் டீ.

அடுத்த வாரம் பாலு மாமாவுக்கு நல்லா இருக்கு. எனக்கும் நல்லா இருக்கு. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, தவளை மாதிரிதான் பாடினேன் என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் பாராட்டு வந்தால் சந்தேகப்படுகிற ஆளா நான்? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். ஒத்திகையில் அவர் இப்போதெல்லாம் கீபோர்டின் விளிம்பில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு நிற்கிறார், பேசுகிறவர்களின் வாயையே பார்க்கிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது. புத்தியில் ஏறவில்லை.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஏறியது. மூன்றாவது வாரம் தன் இரண்டு வரிகளைப் பாடும்போது வேண்டுமென்றே கடைசியில் இறக்கினார். கொஞ்சநஞ்சமல்ல, யாருக்கும் காது கூசுகிற மாதிரி. நிவி கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "நல்லா இருக்கு, ஸ்டெல்லா."

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். "அவுருக்குக் கேக்கல தம்பி. ஒண்ணுமே கேக்கல. அன்னைக்குச் சொன்னதும் பொய்யி."

தெருமுனை டீக்கடையில் நாங்கள் நான்கு பேர் கூடினோம்.

"சொல்லிடலாம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "போய் நேரா சொல்லிடலாம்."

"எப்படிம்மா சொல்றது?" என்றார் பாலு மாமா. "அந்த மனுஷனுக்கு ஆத்துலயும் யாருமில்லை. இது ஒண்ணுதான் பிடிமானம். சொன்னா அன்னிக்கே விட்டுட்டுப் போயிடுவார்."

"நாலு வாரம்தான் இருக்கு" என்றாள் நிவி. "அவர் தாளம் இப்பவே நம்மோட சேரலை. நாம முடிச்சப்புறமும் கை ஓடிட்டு இருக்கு. அன்னைக்கு என்ன பண்றது?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "வியன்னால பண்ணாங்களே."

சொன்னபோது எனக்குள் ஓடியது பரிதாபம் என்று எழுத ஆசைதான். ஆனால் அது குதூகலம். புத்தகத்தில் படித்த ஒன்று சாந்தோமில், என் கண் முன்னால், நானும் உள்ளே நிற்க நடக்கப்போகிறது. போதாக்குறைக்கு, என் நண்பன் ஒருவன் இரண்டு மைக்குகளோடு வந்து பாட்டைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. நான் இணையத்தில் நடத்திக்கொண்டிருந்த நிகழ்ச்சியில் போட வேண்டும். பாட்டு நின்றுபோனால் அதுவும் போச்சு.

திட்டம் சுலபமானது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் வாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான். நிவி முன்வரிசையில் நின்று பாடுவாள். எல்லோரும் அவள் மோவாயைப் பார்க்க வேண்டும். மோவாய் இறங்கினால் ஆரம்பம், ஏறினால் நிறுத்தம். மற்றவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு இல்ல? எத்தினி வாட்டி சொன்னாரு. அவுருக்கு மட்டும் முதுகுக்குப் பின்னாலயா?"

"அவர் நல்லதுக்குத்தானே அக்கா."

"யாரு நல்லதுக்குன்னு உனக்குத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "நான் வரல. எனக்கு இந்த வேசமெல்லாம் வராது."

வரவும் இல்லை. உடம்பு சரியில்லையாம் என்று அவரிடம் நான் சொன்னேன். என் உதடுகளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நாங்கள் அடையாறில் நிவியின் வீட்டு மொட்டை மாடியில் தனியாக ஒத்திகை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் அவருக்கு முன்னால் நின்று, நிவியைப் பார்த்துப் பாடினோம். அவர் "நல்லா இருக்கு" என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. மணி அடிக்கவில்லை, பீடத்தில் துணி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. மின்விசிறிகள் வெந்நீர்க் காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பின. குப்பத்து ஜனங்கள் கதவுக்கு வெளியே மணல்வரை நின்றார்கள். சிலுவையை முத்தமிட வரிசை நகர ஆரம்பித்ததும் அவர் எங்கள் முன்னால் வந்து வெள்ளைச் சட்டையின் கைகளை ஒரு மடிப்பு மடித்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். நிவியின் மோவாய் இறங்கியது. பாடினோம்.

அதைப் போல நான் அதற்கு முன்பும் பின்பும் பாடியதில்லை. மூன்று சரணம். மூச்சு எடுத்த இடம்கூட ஒன்றாக இருந்தது. கடைசிச் சொல்லை நிவி மோவாயை மெல்ல உயர்த்தி நிறுத்தினாள். அந்த நாளில் கைதட்ட மாட்டார்கள். செருப்பில்லாத கால்கள் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்தான் நான் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டி, கீழே தொங்கிக்கொண்டிருந்தன. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார், வரிசையாக, யாரையும் விடாமல்.

வழிபாடு முடிந்து ஹாலுக்கு வந்தோம். யாரும் நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் எந்த இடத்துல கையை இறக்கினேன்?" என்று கேட்டார்.

நிவி என்னைப் பார்த்தாள்.

"மூணு சரணம் இருக்கு. எந்தச் சரணம், எந்த வரி? யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்."

பாலு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாவதுல... கடைசியில போல..."

அவர் பாலு மாமாவின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலிருந்தும் தாள்களை வாங்கிக்கொண்டார். மேஜையில் தட்டி ஓரங்களை ஒன்றாக்கி, தோல் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போனார். நிவி அழ ஆரம்பித்தாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

பதிவு மிக நன்றாக வந்திருந்தது. எங்கும் போடவில்லை. ஆனால் கேட்டேன், நூறு தடவையாவது. அவர் கை இறங்கிய இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம், யாராவது ஒருவர் விட்ட ஒரு மூச்சு, ஏதாவது இருக்கும் என்று ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தேடினேன். ஒன்றுமில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக ஓடுகிறது.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை கடைக்குப் போனேன். கண் பரிசோதனை நாற்காலியில் பருமனான ஒருவர் உட்கார்ந்திருந்தார், மூக்கில் இரும்பு ஃபிரேம், ஒரு கண்ணில் கறுப்புத் தகடு. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் துடைக்கிற துணிகள் அடுக்கியிருந்தன.

நான் செல்போனை எடுத்து மன்னிப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பீத்தோவனைப் பார்க்க வந்தவர்கள் நோட்டில் எழுதிக் காட்டுவார்கள் என்று படித்ததுதான். அவர் என் கையோடு போனைக் கீழே தள்ளினார்.

"எழுதாத. வாயால சொல்லு."

அதுவரை என்னை அவர் 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்குன்னு சொல்லு." நான் போனைப் பையில் போட்டேன். "ஆறு வாரமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரு எழவும் கேக்கலை. சொல்லவும் வாய் வரலை. நம்ம ஆளுங்கதானே, எவனாவது ஒருத்தன், என்ன சார் நல்லா இருக்கு, நாசமா இருக்குன்னு சொல்லிடுவான்னு பார்த்தேன். ஒருத்திதான் வந்தா. வியாழக்கிழமை மத்தியானம், கூடையோட, இந்த வாசல்ல நின்னு, நீங்க ஆட்டுற கையை எவனும் பார்க்கல சார்னு சொன்னா. வெள்ளிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீயாவது வருவேன்னு." மூச்சு வாங்கினார். "இப்பச் சொல்லு."

சொன்னேன்.

"கேக்கலை."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. அவர் என் வாயைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலை."

"உங்களுக்குக் காது கேக்கலைன்னு எங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் ஏமாத்தினோம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." தொண்டை கிழியக் கத்தினேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் இருந்தவர் இரும்பு ஃபிரேமோடு தலையைத் திருப்பி, ஒற்றைக் கண்ணால் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எப்போதும் ஆளின் முதுகுக்குப் பின்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கண் பார்ப்பார். இப்போது எதிர்ச்சுவருக்கு நடந்துபோய், எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் ஆளுக்கு முகம் காட்டி நின்றுகொண்டார்.

"மூணாவது வரி படிங்க."

அந்த மனிதர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார் அவர். "உதடு தெரியற மாதிரிப் படிங்க."